என் பெயரில் ஒரு சார்ஜர்

மயிலாப்பூர்,
27-10-2025

அன்புத் தம்பி ஃபராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா எழுதுவது. நானும் உன் மச்சானும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பதை உன் ஆபீஸ் வாசலில் நிற்கிற செக்யூரிட்டி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மயிலாப்பூருக்கும் தரமணிக்கும் நடுவில் கடலா இருக்கிறது? ரயில் ஏறினால் அரை மணி நேரம். ரம்ஜானுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டவன், பக்ரீதுக்குப் போனில் சலாம் சொன்னாய். அதோடு சரி.

வாசலில் நிற்கிற சார்ஜர் மெஷினைப் பற்றி எதுவானாலும் போனில் பேசாதே, வாட்ஸ்அப்பில் எழுதாதே, ஆப்பில் புகார் போடாதே, காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்பு என்று நீ ஆளிடம் சொல்லியனுப்பியதால் எழுதுகிறேன். கொண்டுவருவது காவேரி. நம் மெஷினில் சார்ஜ் போடுகிற எலக்ட்ரிக் ஆட்டோக்காரி. தினமும் காலையில் உன் ஆபீஸ் கட்டடத்துக்கு இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். "சொந்தத் தம்பிக்கு லெட்டரா? இன்னாக்கா இது, அந்தக் காலத்து லவ்வு மாதிரி கீது" என்று சிரிக்கிறாள். நானும் சிரித்து வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் நாலு தூறல் விழுந்தால் போதும், நம் சார்ஜர் டிரிப் ஆகி அணைந்துவிடும். டிரைவர்கள் என் கதவைத் தட்டுவார்கள். தீபாவளிக்கு முன் நீ ஒரு ஆளை அனுப்பினாய். வந்தான், பெட்டியைத் திறந்தான், டீ ஆறுவதற்குள் மூடிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அது அணையவே இல்லை. போன வாரம் கொட்டின மழையில் தெருவே இருட்டாகிவிட்டது, கரண்ட் வந்ததும் முதலில் எரிந்தது அதன் பச்சை விளக்குதான். உன் மச்சானிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆனால் சனிக்கிழமை காவேரி பிளக்கைச் செருகிவிட்டுக் கையை உதறினாள். "அக்கா, பெட்டி மேல கை வெச்சா சுர்ருனு இழுக்குது. இன்னான்னு தம்பியாண்ட கேளு" என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செருப்பு போட்டிருந்தேன். அவள் வெறுங்காலோடு நின்றாள்.

மெஷின் என் பெயரில் இருக்கிறது. அத்தா வீட்டை விற்று வந்த என் பங்கை பேங்கில் போட்டால் வட்டி ஆகிவிடுமே என்று நான் தயங்கியபோது நீதானே இந்த வழி சொன்னாய்? "சார்ஜரை உன் பெயரில் வாங்கு, கம்பெனி நடத்தும், ஓடுகிற கரண்டுக்கு உனக்குப் பங்கு" என்றாய். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டேன். "பொருள் உங்களுடையதாக இருந்து, லாபத்தைப் போல நஷ்டத்தையும் நீங்கள் ஏற்பதானால் தாராளமாகச் செய்யுங்கள் அம்மா" என்றார். அந்த நஷ்டம் பணமாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. சுர்ரென்று இழுக்கிறது என்று கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்.

துஆவுடன்,
உன் அக்கா
ஷாகிரா

*

தரமணி,
29-10-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். உன் கடிதத்தை கேண்டீனில் உட்கார்ந்து படித்தேன். பாதி வயிறு திட்டிலேயே நிறைந்துவிட்டது. வராதது தப்புதான். ஆனால் இங்கே நடப்பதைப் பார்த்தால் நீயே "சரி, வேலையைப் பார்" என்பாய்.

எங்கள் நெட்வொர்க்கை மொத்தமாக ஒரு பம்பாய் கம்பெனி வாங்கப் போகிறது. இன்னும் வெளியே சொல்லவில்லை, நீயும் மச்சானைத் தவிர யாரிடமும் சொல்லாதே. அவர்களுடைய ஆட்கள் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு சார்ஜரும் அதில் ஒரு புள்ளி. பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் செத்தது. பச்சையை எண்ணித்தான் விலை. தென் சென்னை முழுவதும் என் பொறுப்பு: மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி. நகர், ஆதம்பாக்கம் வரை. அவர்களின் வக்கீல்கள் எங்கள் போன்களை எல்லாம் வாங்கிப் பார்க்கிறார்கள். ஆப்பில் "ஷாக் அடிக்கிறது" என்று ஒரு புகார் விழுந்தால் போதும், நூறு கேள்வி கேட்பார்கள். அதனால்தான் காகிதம்.

காவேரிக்கு இழுத்தது சாதாரண விஷயம். மழைக்காலத்தில் வீட்டு ஃப்ரிட்ஜ்கூட ஈரக் கையோடு தொட்டால் அப்படித்தான் செய்யும். கீழே ஒரு ரப்பர் பாய் போட்டு வை. செருப்பு போட்டுக்கொண்டு சார்ஜ் போடச் சொல். கையெழுத்து முடிந்ததும் நானே ஆளோடு வந்து பார்க்கிறேன்.

இது நல்லபடியாக முடிந்தால் எனக்கும் கம்பெனியில் ஒரு பங்கு உண்டு, அக்கா. நீ என்னைப் படிக்க வைத்ததற்கு அர்த்தம் வரும்.

அன்புடன்,
ஃபராஸ்

*

மயிலாப்பூர்,
3-11-2025

அன்புத் தம்பிக்கு,

சலாம். ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். "செருப்பில்லாமல் தொடாதீர்கள்" என்று உன் மச்சான் அட்டையில் எழுதி மாட்டினார். குடைக் கடைக்காரருக்கு மழைக்காலத்தில் தலை நிமிர நேரமில்லை, ஆனாலும் எழுதினார். காவேரி அந்த அட்டையைப் படித்துவிட்டு, "இன்னாக்கா, கோயிலுக்குள்ள போறதுக்கு நேர் ஆப்போசிட்டா கீது" என்றாள். நான் சிரிக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

நேற்று காலை மெஷின் பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. மீன் விற்கிற கெங்கம்மா பின்னாலேயே திரியும் அந்த வெள்ளை நாய். உடம்பில் காயம் எதுவும் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. கெங்கம்மா அதைக் கையால் தூக்கப் போனாள். நான் கத்திய கத்தலில் உன் மச்சான் ஷேவிங் சோப்போடு ஓடிவந்தார். மூங்கில் கழியால் இழுத்துத்தான் எடுத்தோம். "இன்னாம்மா, நாய்க்கு வயசாகிப் பூட்ச்சி, அதுக்கு இப்டி அலர்றே" என்று கெங்கம்மா என்னைத்தான் அதட்டினாள். வயசாகிவிட்டது என்றே இருக்கட்டும் என்று நானும் நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஃபராஸ், எனக்குப் பயமாக இருக்கிறது. மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்தப் பெட்டியில் கை வைத்து விளையாடுகிறார்கள். எத்தனை பேரை விரட்ட முடியும்? "மெயினை அணைத்துவிடு, நம் வீட்டு நடையில்தானே சுவிட்ச் இருக்கிறது" என்கிறார் உன் மச்சான். உன் வேலையை நினைத்து நான் அணைக்காமல் இருக்கிறேன். ஆனால் நீ சொன்ன ஃப்ரிட்ஜ் கதையை இனி நம்ப மாட்டேன். என் ஃப்ரிட்ஜ் நாயைக் கொன்றதில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஒளிக்காமல் பதில் சொல். மழை வந்தால் அணைந்துகொண்டிருந்த மெஷின் இப்போது ஏன் அணைவதில்லை? அந்த ஆள் பெட்டிக்குள் என்ன செய்தான்?

உன் அக்கா
ஷாகிரா

*

தரமணி,
5-11-2025

அக்கா,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

டிரிப்பரை டைரக்ட் செய்தான். அதாவது, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்துவிட்டான். கோபப்படுவதற்கு முன் முழுதாகப் படி. இந்த மெஷின்களுக்குள் ஈரம் இறங்குகிறது. மழை வந்தால் பாதி மெஷின் டிரிப் ஆகும். திரையில் பாதி சிவப்பாகிவிடும். மேலிடம் "எப்படியாவது பச்சையில் வை" என்றது. எப்படி என்று அவர்கள் எழுதித் தரவில்லை, தரவும் மாட்டார்கள். என் ஜோனில் செய்யச் சொன்னது நான். வேலைத்தாளில் இருப்பது என் கையெழுத்து.

உன் மெஷினை மட்டும் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜோன் தலைவனின் அக்கா மெஷினே செத்துக் கிடந்தால் மற்ற சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஆளுக்கொரு மெஷினைத் தன் பெயரில் வாங்கியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். எல்லோரும் உன்னைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். "என் அக்காவே வாங்கியிருக்கிறாள்" என்று சொல்லித்தான் விற்றேன்.

கடைசி எண்ணிக்கை வரும் பதினொன்றாம் தேதி இரவு. பதினான்கு, வெள்ளிக்கிழமை, கையெழுத்து. பிறகு புது கம்பெனி பழைய மெஷின்களைக் கழற்றிவிட்டு வேறு வைக்கும். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள். அணைத்துவிடாதே. நாயைப் பற்றி யாரிடமும் பேசாதே.

எனக்கும் பயம்தான், அக்கா. வானிலைச் செய்தி வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இது வெளியே வந்தால் மேலிடத்தில் யாரும் உள்ளே போக மாட்டார்கள், நான்தான் போவேன். அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. உன்னைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்று.

உன்
ஃபராஸ்

*

மயிலாப்பூர்,
8-11-2025

தம்பி ஃபராஸுக்கு,

அணைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் அணைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "இந்த ஒரு தடவை" என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நாளில் எத்தனை பேர் அந்தப் பிளக்கைத் தொட்டார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்து உன் மச்சான் வந்தபோது நான் வாசலில் நாற்காலி போட்டு மெஷினுக்குக் காவல் இருந்தேன். "பைத்தியமா உனக்கு? அணைத்துவிட்டு உள்ளே வா" என்றார். எழுந்து போய் மெயினை இறக்கினேன். பச்சை விளக்கு போனது. அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கியது.

டிரைவர்களிடம் "ரிப்பேர், ஆள் வர வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். காவேரி மந்தைவெளி மெஷினுக்குப் போகிறேன் என்று ஆட்டோவைத் திருப்பினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மந்தைவெளி மெஷினும் டைரக்ட்தானே? அடையாறும் அப்படித்தானே? என் வாசலை மட்டும் அணைத்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன். "அங்கே போகாதே, வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்" என்றேன். "வூட்ல பிளக் பாயிண்ட்டு ஒண்ணுதான் கீது, அதுல ஃபேன் ஓடுது. ஏன்க்கா, அந்த மெஷினுக்கு இன்னா?" என்றாள். உன்னைக் காப்பாற்றுவதற்காக அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் அணைக்கச் சொல், ஃபராஸ். வேலை போனால் போகட்டும். பங்கு போனால் போகட்டும். உன் மச்சான் கடையில் இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறது. நீ பயப்படுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் பயந்தால் ஓடிவந்து என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாய். இப்போதும் வா. உட்கார்ந்து பேசுவோம். வக்கீல் ஒருவரைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று கேட்போம். யாருக்காவது ஏதாவது ஆவதற்கு முன்னால் செய்வோம்.

உன்னை எதிர்பார்த்துக்கொண்டு,
அக்கா

*

தரமணி,
10-11-2025

அன்புள்ள அக்கா,

நீ சொல்வது சரி. நேரில்தான் பேச வேண்டும். நாளை மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வருகிறேன். காவேரி ஆட்டோவிலேயே வந்துவிடுகிறேன், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வஞ்சிரம் வாங்கி வை. உன் கையால் மீன் குழம்பு சாப்பிட்டு எத்தனை மாதம் ஆகிறது. மச்சானைக் கடையைச் சீக்கிரம் அடைக்கச் சொல்.

ஃபராஸ்

*

மயிலாப்பூர்,
13-11-2025

ஃபராஸ்,

பதினொன்றாம் தேதி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கடைசி எண்ணிக்கை அன்று இரவுதான் என்று நீயே எழுதியிருந்தாய். ஆனால் தம்பி சாப்பிட வருகிறான் என்றதும் தேதி மறந்துபோனது. கெங்கம்மாவிடம் பேரம் பேசாமல் வஞ்சிரம் வாங்கினேன். "இன்னா, பெருநாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீ வந்தாய். இளைத்திருந்தாய். மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். "நாளைக்கே எல்லாவற்றையும் அணைக்கச் சொல்கிறேன் அக்கா, ஆபீஸில் பேசிவிட்டேன்" என்றாய். உன் மச்சான் கண் கலங்கி உன் தோளைத் தட்டினார். கை கழுவ நடைக்குப் போனாய். அங்கே கொஞ்சம் நேரம் ஆனது. சோப்பு தேடுகிறான் என்று நினைத்து, "அலமாரி மேலே பார்" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். "கிடைத்துவிட்டது" என்றாய். திரும்பி வந்து என் தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாய். அன்று படுத்ததும் தூங்கினேன். ஜன்னல் பக்கமே போகவில்லை. இனி எதற்குப் போக வேண்டும் என்று இருந்தேன்.

காலையில் நல்ல மழை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம். ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறோமே, யார் என்று எட்டிப் பார்த்தேன். காவேரி. செருப்பை ஆட்டோவுக்குள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றாள். ரப்பர் பாய் தண்ணீரில் மிதந்து அடுத்த வீட்டுப் படி வரை போயிருந்தது. கையில் பிளக். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

எனக்குக் குரல் வரவில்லை, ஃபராஸ். கனவில் கத்தப் பார்த்தால் வாய் வராதே, அப்படி. கையில் இருந்த குக்கர் மூடியைத் தூக்கி வாசலில் எறிந்தேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அதற்குள் நடைக்கு ஓடி மெயினை இறக்கிவிட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு? லைட்டு எரியுதே, தம்பி வந்து சரி பண்ணிட்டுப் போய்ட்டாருனு இல்ல நெனச்சேன்" என்று உள்ளே வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவளே சொன்னாள். "தங்கமான மனுஷன்க்கா உன் தம்பி. தரமணிலேர்ந்து நல்லாப் பேசிக்கினே வந்தாரு. புருஷன் இல்லாம எப்டி சமாளிக்கிறேன்னாரு. என் பொண்ணுங்க பேரு இன்னா, இன்னா படிக்குதுங்கன்னு எல்லாம் கேட்டாரு."

நீ கேட்டிருக்கிறாய். கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, என் கையால் சாப்பிட்டு, எழுந்து போய் சுவிட்சைப் போட்டிருக்கிறாய். காலையில் முதலில் அந்த மெஷினுக்கு வருவது யார் என்று உனக்குத் தெரியும்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். என் வீட்டுக்குள் என் தம்பிக்குப் பயந்து நான் பூட்டுப் போடுகிறேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டு எழுதுகிறேன். ஏதாவது பதில் இருக்கும் என்று இன்னும் நம்புகிறேன்.

ஷாகிரா

*

தரமணி,
19-11-2025

என் அன்பு அக்காவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். வெள்ளிக்கிழமை கையெழுத்து முடிந்தது. நேற்றுதான் எல்லாம் ஓய்ந்தது, அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

நீ கோபமாக இருப்பாய். இருக்க வேண்டியதுதான். உனக்குத் தெரியாமல் போட்டது தப்பு, மன்னித்துக்கொள். ஆனால் ஒரே ஒரு இரவுதான், அக்கா. அவர்கள் வைத்த குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே என் ஜோன் போக இரண்டு மெஷின்தான் பாக்கி. அடையாற்றில் ஒன்று தண்ணீரில் மூழ்கிச் செத்துவிட்டது. உன்னுடையது கணக்கில் வந்ததால்தான் தப்பித்தோம். விடிந்ததும் உனக்குப் போன் செய்து அணைக்கச் சொல்லத்தான் இருந்தேன். மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன்.

யோசித்துப் பார். எத்தனை மெஷின், எத்தனை மழை, எத்தனை பேர். யாருக்காவது ஏதாவது ஆனதா? ஒரு நாயைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. நாம்தான் ராத்திரி பகலாகப் பயந்து செத்தோம். நீ சின்ன விஷயத்துக்கும் பதறுகிறவள் என்று மச்சானே சொல்வார்.

இப்போது நல்ல செய்தி கேள். தை பிறந்ததும் புது கம்பெனி மெஷின்களை மாற்ற ஆரம்பிக்கும். உன்னுடையதை முதலில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பெரிய மெஷின், கார்கூட நிற்கலாம். சொந்தக்காரியாக உன் பங்கும் கூடும். காவேரிக்கு ஒரு மாதம் இலவசமாகச் சார்ஜ் போட ஏற்பாடு செய்கிறேன். அவளுடைய பெரிய பெண் பத்தாவது என்றாள், ஸ்கூல் ஃபீஸுக்கும் ஏதாவது கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

அதுவரை மற்ற மெஷின்கள் அப்படியேதான் ஓடும். திடீரென்று எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் விற்றவுடன் ஏமாற்றிவிட்டோம் என்பார்கள். இன்னும் கொஞ்ச நாள்தானே மழை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரட்டுமா?

உன் செல்லத் தம்பி
ஃபராஸ்

*

மயிலாப்பூர்,
22-11-2025

ஃபராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தைக் காவேரி கொண்டுவரவில்லை. தபாலில் போடுகிறேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிரிப்பர், டைரக்ட், எண்ணிக்கை, நீ எதற்காக வந்தாய் என்பது, நான் ஒரு நாள் அணைக்காமல் உட்கார்ந்திருந்தது, மந்தைவெளிக்குப் போகிறவளிடம் உண்மையைச் சொல்லாமல் உள்ளே போனது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். "என் புள்ளைங்க பேரக் கேட்டாரேக்கா" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். இப்போது நம் தெரு வழியாக வருவதில்லை. இலவசச் சார்ஜையும் ஸ்கூல் ஃபீஸையும் நீயே வைத்துக்கொள். அவள் பிள்ளைகளின் பெயரை இனி நீ வாயால் சொல்லாதே.

ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒரு முழு நாள் அந்த வரியோடு இருந்தேன். உண்மைதான், யாரும் சாகவில்லை. ஆனால் யாராவது செத்திருந்தால் நீ அழுதிருப்பாய், ஓடிவந்திருப்பாய், நான் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். ஒன்றும் நடக்காததால் இப்போது அதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் மழைதானே என்று கேட்கிறாய். அடுத்த முறையும் இதையே செய்வாய். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

நேற்று மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். உன் மச்சான் கூட வந்தார். மெஷின் என் பெயரில் இருக்கிறது, அதனால் சொந்தக்காரி என்ற உரிமையில் எழுதிக் கொடுத்தேன். என்ன செய்யப்பட்டது, எந்தெந்த இடத்தில் என்று எழுதினேன். யார் செய்யச் சொன்னது என்று கேட்டார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் உன் பெயரை எழுதியது நான்தான். நேற்றும் நான்தான் எழுதினேன். இரண்டு முறை அடித்து எழுத வேண்டியிருந்தது. மாலையே ஆட்கள் வந்து என் மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம் என்றார்கள்.

உன்னைத் தேடி வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன் நீயே போய்ச் சொல். மேலிடத்தில் யார் சொன்னார்கள் என்பதையும் சொல். வக்கீல் செலவுக்கு நானும் உன் மச்சானும் இருக்கிறோம். உனக்கு எதிராக எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பதற்காக உனக்கு அக்கா இல்லாமல் போகவில்லை. இரவில் படுத்தால் உன்னைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போவது போலத் தெரிகிறது. எழுந்து உட்கார்ந்து துஆ கேட்கிறேன். இந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. நீ காய்ச்சலில் கிடந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். உனக்காகப் பயப்பட எனக்குத் தெரியும். உன்னைக் கண்டு பயப்படுவதுதான் புதிது, அதை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தபால் நாளைக்குள் வந்து சேராது, அடுத்த ஞாயிறு வா. சோறு போடுகிறேன். மீன் கிடைத்தால் குழம்பும் வைக்கிறேன். ஆனால் சாப்பிட்டு நீ கை கழுவ எழுந்தால், நான் உன் பின்னாலேயே வருவேன்.

ஷாகிரா